கல் விரிந்தது என் கையால்

எங்கள் வீட்டு வார்ப்பிரும்புத் தோசைக்கல்லில் விரிசல் விழுந்ததற்கு நான்தான் காரணம். பழி, பாத்திரம் தேய்க்க வரும் அக்கா மேல் விழுந்தது. அவர் கல்லைக் கீழே போடவில்லை என்பது வீட்டில் எனக்கு மட்டும் தெரியும். தெரிந்தும் வாய் திறக்காமல் மாதக்கணக்கில் இருந்தேன்.

இதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அந்த அக்காவிடமும் சொல்லிவிட்டேன். இருந்தும் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. இரும்புப் பாத்திரத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அறியாமல் நான் தவறவில்லை. எல்லாம் அறிந்திருந்தேன். சமைப்பது என் வேலை, பாத்திரத்தைப் பார்த்துக்கொள்வது வேறு யாருடைய வேலையோ என்று வெகுகாலம் நடந்துகொண்டேன். அந்த நினைப்பில்தான் கல்லும் போயிற்று, ஒரு மனுஷியின் பெயரும் கெட்டது. இப்படி நினைப்பவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள் என்பதால் நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன்.

அந்தக் கல் அப்பத்தா கையிலிருந்து அம்மா கைக்கு வந்தது. ஓர் அடி அகலம். தூக்கினால் மணிக்கட்டு இறங்கும் கனம். விறகடுப்பில் தொடங்கி, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் இருந்து, கடைசியில் கேஸ் அடுப்புக்கு வந்து சேர்ந்தது. மேற்பரப்பு கன்னங்கரேல் என்று மின்னும். தோசை வெந்ததும் தோசைக்கரண்டியை விளிம்பில் வைத்தால் போதும், தானே கிளம்பிவிடும்.

அம்மா அந்தக் கல்லுக்கென்று சில நியதிகள் வைத்திருந்தார். கல் தொட்டிக்குப் போகக் கூடாது. கடைசித் தோசையை எடுத்ததும் அடுப்பை அணைத்துவிட்டுச் சூடு அடங்கும்வரை விட்டுவிடுவார். கை பொறுக்கிற சூடு வந்ததும், ஒட்டியிருப்பதைக் கரண்டி விளிம்பால் சுரண்டித் துணியால் துடைப்பார். பிடிவாதமாக ஒட்டியிருந்தால் கொஞ்சம் கல்லுப்பைப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்ப்பார். அதற்கும் மசியாவிட்டால்தான் வெந்நீர். தண்ணீர் பட்ட கல்லை ஈரத்தோடு வைத்து நான் பார்த்ததே இல்லை. மறுபடி அடுப்பில் ஏற்றி, ஈரம் முழுக்க வற்றிய பிறகு ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, பழைய வேட்டித் துணியால் முன்னும் பின்னும் தேய்த்து, எண்ணெய் இருப்பதே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் துடைத்துவிட்டுத்தான் சுவரில் சாய்த்து வைப்பார். மறுநாள் தோசை ஊற்றுவதற்கு முன் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு ஒரு தேய்ப்பு. சப்பாத்திக்குத் தனிக் கல். தோசைக்கல்லில் சப்பாத்தி போட்டால் வறண்ட சூட்டில் கல்லின் பழக்கம் விட்டுப்போகும் என்பார்.

இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. எண்ணெயை மெல்லிய பூச்சாகத் தடவி நன்றாகச் சூடேற்றினால், அதிலுள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. எண்ணெயாக ஊற்றியது இரும்பின் மேல் கெட்டியான படலமாக மாறிவிடுகிறது. அந்தப் படலம்தான் மாவை ஒட்டவிடாமல் தடுக்கிறது. ஈரமும் காற்றும் இரும்பைத் தொடாமல் காப்பதும் அதுதான். நல்லெண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் சுமார் 80 சதவீதம் என்பதால் படலம் நன்றாகப் பிடிக்கும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. அதில் படலம் பிடிக்க நாளாகும். சப்பாத்திக்கு எண்ணெய் இல்லாமல் கல் வெகுநேரம் காய்வதால், பிடித்த படலமும் எரிந்து போகும். அம்மா இந்த வேதியியலைப் படிக்கவில்லை. ஆனால் அதற்கு மாறாக ஒரு நாளும் நடக்கவில்லை.

நான் படித்தவன். இயந்திரவியல் டிப்ளமோ முடித்தவன். படிக்கிற காலத்தில் கோவையில் ஒரு பவுண்டரிக்குப் பயிற்சிக்குப் போய், உருகிய இரும்பை மணல் அச்சில் ஊற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வார்ப்பிரும்பு எதனால் வலுவானது, எதனால் உடையக் கூடியது என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைச் சமையல் எங்கள் வீட்டில் என்னுடையது. ஆசையோடுதான் சமைப்பேன். கறி வறுவலும் முட்டைத் தோசையும் நன்றாக வரும். சொந்தக்காரர்கள் வந்தால் "தம்பி கை ருசி" என்று பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அடுப்பை அணைத்த நொடியில் என் சமையல் முடிந்துவிடும். கல்லும் சட்டியும் கரண்டியும் அப்படியே தொட்டிக்குப் போகும். காலையில் அந்த அக்கா வந்து பார்த்துக்கொள்வார் என்று படுத்துவிடுவேன்.

ஒருமுறை வார்ப்பிரும்புச் சட்டியில் வத்தக் குழம்பு வைத்தேன். புளி கரைத்த குழம்பை இரும்புச் சட்டியில் வைக்கலாம். வைத்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் எண்ணெய்ப் படலத்தை அரித்து, அடியிலிருக்கும் இரும்பையும் கரைக்கும். நான் மாற்றாமல் மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் குழம்பு கறுத்து, வாயில் வைத்தால் இரும்புக் கசப்பு அடித்தது. சட்டியின் உட்புறம் ஆங்காங்கே சாம்பல் நிறமாக வெளுத்திருந்தது. அடுத்து அதில் உருளைக்கிழங்கு வறுத்தபோது எல்லாம் அடியில் பிடித்தது. அம்மா ஏன் என்று கேட்டார். "அக்கா கம்பி நார் போட்டுத் தேய்ச்சிருப்பாங்க" என்று சொன்னேன். நாக்கு கூசாமல் வந்த வார்த்தை அது. அவர் அந்தச் சட்டியைத் தேய்த்தது உண்மைதான். ஆனால் அவர் கைக்குப் போகும்போதே படலம் போயிருந்தது.

இன்னொருமுறை கல்லில் முட்டை ஒட்டிக்கொண்டது. ஊறட்டும் என்று தண்ணீர் ஊற்றி இரவு முழுக்கத் தொட்டியில் போட்டுவிட்டேன். காலையில் கல்லின் விளிம்பைச் சுற்றிச் செம்பழுப்பாகத் துரு. அம்மா அன்று முழுக்க அதனோடு போராடினார். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. "ஈரத்தோட கவுத்து வச்சிருப்பாங்க" என்றேன். அம்மா அக்காவைக் கூப்பிட்டு, "இரும்பு சாமானை மட்டும் தொடச்சு வச்சிரும்மா" என்று பக்குவமாகச் சொன்னார். அவர் தலையாட்டினார். அன்று முதல் இரும்பை மட்டும் தனியே துணியால் துடைத்து வைத்தார். சொன்னதைச் செய்தவர் அவர். அதே வீட்டில் பிறந்து வளர்ந்து, சொல்லாமலே எல்லாம் பார்த்திருந்தும் செய்யாதவன் நான்.

சோம்பல் என்று மட்டும் இதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. பாத்திரம் கழுவுவதைத் தாழ்ந்த வேலையாக நினைத்தேன். அதை வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை. சமத்துவம் பற்றி நண்பர்களோடு பேசுகிற ஆள்தான் நான். ஆனால் கை நிறைய மசாலா அரைக்கத் தெரிந்த எனக்கு, ஒரு கல்லைத் துடைத்து வைக்க மனம் வரவில்லை. சமைத்தவனுக்குப் பெயர் கிடைக்கிறது. துடைத்து வைத்தவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. பெயர் கிடைக்கிற வேலையை எடுத்துக்கொண்டு மற்றதை இரண்டு பெண்கள் தலையில் கட்டினேன்.

கல் விரிந்த இரவைப் பற்றிச் சொல்கிறேன். உறவினர்கள் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் முட்டைத் தோசை ஊற்றி முடிக்க வெகுநேரமாயிற்று. கடைசித் தோசையில் மசாலா கருகிக் கல்லில் பிடித்துக்கொண்டது. அடுப்பை அணைத்துவிட்டு ஆறவிட எனக்குப் பொறுமை இல்லை. பிடித்துணியால் கல்லைத் தூக்கிக்கொண்டுபோய்த் தொட்டியில் சாய்த்து வைத்துக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் நேராக விளிம்பில் விழுந்தது. புகை போல ஆவி கிளம்பியது. 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அது என்ன சத்தம் என்று எனக்கு உடனே தெரிந்தது. வார்ப்பிரும்பில் கார்பன் 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். தூய இரும்பு 1538 டிகிரியில்தான் உருகும். இத்தனை கார்பன் சேர்ந்தால் 1200 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். அதனால்தான் அதை அச்சில் ஊற்றிச் சட்டியாகவும் பணியாரக் கல்லாகவும் வார்க்க முடிகிறது. ஆனால் ஆறும்போது அந்தக் கார்பனில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாகப் பிரிந்து இரும்புக்குள் பரவி நிற்கிறது. ஒவ்வொரு செதிலும் விரிசல் தொடங்குவதற்கு ஓர் இடம். எஃகுத் தகடு இழுத்தால் வளைந்துகொடுக்கும்; வார்ப்பிரும்புக்கு வளையத் தெரியாது, உடையத்தான் தெரியும். ஓர் அடி அகலக் கல்லில் ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் 150 டிகிரி வித்தியாசம் வந்தால், நீளத்தில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் வேறுபாடு வரும். நடுப்பகுதி சூட்டில் விரிந்து நிற்க, விளிம்பு மட்டும் குளிர்ந்து சுருங்கப் பார்க்கிறது. சுருங்க இடமில்லாமல் விளிம்பு கிழிகிறது. அன்று நடந்தது இதுதான்.

தோசைக்கு முன் கல்லில் தண்ணீர் தெளிக்கிறோமே, அப்போது ஏன் விரிவதில்லை என்று கேட்கலாம். அளவுதான் காரணம். 2 கிலோ எடையுள்ள கல்லில் 5 மில்லி தண்ணீர் தெளித்து அது முழுக்க ஆவியானாலும் கல்லின் சூடு சராசரியாக 12 முதல் 15 டிகிரிதான் குறையும். அதுவும் பரவலாகக் குறையும். குழாய்த் தண்ணீர் ஒரே இடத்தில் நிற்காமல் கொட்டுகிறது.

விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மயிரிழை போல ஒரு கோடு. விரலால் சுண்டிப் பார்த்தேன். கணீரென்று கேட்க வேண்டிய கல் 'தொப்' என்றது. அம்மாவை எழுப்பிச் சொல்லியிருக்கலாம். மறுநாள் காலை சொல்லியிருக்கலாம். நான் கல்லை மற்ற எச்சில் பாத்திரங்களுக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். அப்படி அடியில் வைத்ததற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. அடுத்த நாள் அதை முதலில் எடுப்பது வேறு ஒருவராக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் மாலை அம்மா கல்லை அடுப்பில் வைத்து எண்ணெய் தடவியபோது, விரிசல் வழியாக எண்ணெய் கசிந்து தீயில் சொட்டிப் புகைந்தது. அம்மாவின் முகம் இறங்கிவிட்டது. அதற்கடுத்த நாள் காலையில் அக்கா வந்ததும் கேட்டார்.

"என்னம்மா, கல்லைக் கீழ போட்டியா?"

"இல்லம்மா, நான் போடலையே."

"பின்ன எப்படிம்மா விரியும்? நல்லாத்தானே இருந்துச்சு."

அவர் பதில் பேசவில்லை. தொட்டிப் பக்கம் திரும்பிப் பாத்திரங்களை எடுக்கத் தொடங்கினார். நான் பக்கத்து அறையில் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது. நாலு எட்டு வைத்திருந்தால் சமையலறை. "நான்தான்மா" என்று சொல்ல ஒரு மூச்சு போதும். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்கள் எல்லாம் நினைவிருக்கின்றன. அம்மா அவரிடம் கல்லுக்குக் காசு கேட்கவில்லை, சம்பளத்தில் பிடிக்கவும் இல்லை, அதனால் அவருக்கு நட்டம் ஒன்றும் இல்லை என்றேன். அம்மா ரெண்டு நாளில் மறந்துவிடுவார் என்றேன். உண்மையில் என்னைத் தடுத்தது ஒன்றே ஒன்று. "இத்தனை படிச்சும் உனக்குத் தெரியாதா?" என்று அம்மா கேட்கப் போகும் கேள்வியை என்னால் தாங்க முடியாது என்று பயந்தேன். என் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள அவருடைய மரியாதையைக் கொடுத்தேன்.

அவருக்கு நட்டம் இல்லை என்று நான் நினைத்தது பொய். அம்மா இரும்புச் சாமான்களையெல்லாம் தனி அலமாரிக்கு மாற்றி, "இதை நீ தொட வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டார். பேச்சுவாக்கில் பக்கத்து வீட்டிலும் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டிலும் அக்காதான் வேலை பார்க்கிறார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அவர் பாத்திரம் கழுவும் விதமே மாறிவிட்டது. கண்ணாடிக் குவளை, பீங்கான் தட்டு, குக்கர் மூடி என்று ஒவ்வொன்றையும் கழுவி முடித்ததும் அம்மா கண்ணில் படும்படி தூக்கிக் காட்டிவிட்டுத்தான் கவிழ்ப்பார். யாரும் அவரைக் காட்டச் சொல்லவில்லை. அவராகவே செய்தார். உடைக்கவில்லை என்று ஒவ்வொரு நாளும் நிரூபித்துக்கொண்டிருந்தார். நான் காபி குடித்துக்கொண்டே அதைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டு வேலை செய்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007இல் நல வாரியம் அமைந்தது. வாரியம் இருப்பது நல்லது. ஆனால் ஒரு வீட்டுச் சமையலறையில் கிளம்பும் சந்தேகத்தைத் தீர்க்க அங்கே சாட்சியும் கிடையாது, விசாரணையும் கிடையாது. வீட்டுக்காரர்கள் சொன்னதுதான் தீர்ப்பு. "கை பதறும்", "சாமானை உடைப்பா" என்று ஒரு வாய் சொன்னால் அது தெரு முழுக்கப் போகும். அந்தச் சொல்லால் வேலையை இழந்தவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல.

கடைசியில் நான் வாய் திறந்தது மனசாட்சி தானாக விழித்ததால் என்று சொல்ல மாட்டேன். பொங்கலுக்கு அக்காவுக்குச் சேலை எடுத்து வைத்திருந்த அம்மா, அதை மடித்துக்கொண்டே, "கல்லை உடைச்சதையெல்லாம் மனசுல வச்சுக்கக் கூடாது, பாவம், பிள்ளைகுட்டிக்காரி" என்றார். அம்மா நல்ல மனதோடுதான் சொன்னார். செய்யாத தப்புக்கு அந்த மனுஷி மன்னிக்கப்படுகிறார். செய்தவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். பழியை விட அந்த மன்னிப்பு கொடுமையாக இருந்தது. அங்கேயே சொல்லிவிட்டேன். கல்லைத் தண்ணீரில் காட்டியதையும், சத்தம் கேட்டதையும், அடியில் ஒளித்து வைத்ததையும், அதற்கு முன் துருவுக்கும் சட்டிக்கும் சொன்ன பொய்களையும் சேர்த்துச் சொன்னேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. மறுநாள் காலை அக்கா வரும்வரை என்னோடு பேசவும் இல்லை. அவர் வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "அவங்ககிட்ட நீயே சொல்லு" என்றார். சொன்னேன். அக்கா கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எனக்குத் தெரியும் தம்பி. நான் கழுவ எடுக்கும்போதே கீறல் இருந்துச்சு. சொன்னா யாரு நம்பப் போறா?"

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அப்படிச் சொன்னதில் கோபம் இல்லை. எங்கள் வீட்டைப் பற்றிய சரியான கணிப்பு இருந்தது. அவர் சொல்லியிருந்தாலும் நாங்கள் நம்பியிருக்க மாட்டோம். அம்மா அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். பக்கத்து வீட்டுக்கு நானே போய், கல்லை விரித்தது நான் என்று சொல்லிவிட்டு வந்தேன். பாத்திரத்தைத் தூக்கிக் காட்டும் பழக்கத்தை அக்கா உடனே விடவில்லை. மெல்ல மெல்லத்தான் விட்டார்.

இப்போது இரும்புச் சாமான்களுக்கு நான்தான் பொறுப்பு. புதிதாக ஒரு வார்ப்பிரும்புக் கல் வாங்கி நானே பழக்கினேன். கடையிலிருந்து வரும் கல்லில், துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயும் வார்ப்பு மணலின் பொடியும் இருக்கும். முதலில் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். பிறகு அம்மா சொன்னபடி சோறு வடித்த கஞ்சியில் ஊறவைத்து, தினமும் கஞ்சியை மாற்றித் தேய்த்தேன். புளித்த கஞ்சியின் மெல்லிய அமிலம் ஒட்டியிருக்கும் அழுக்கையும் துருவையும் தளர்த்திவிடும். தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவி, அடுப்பில் வைத்து உலர்த்தி, நல்லெண்ணெய் தடவித் துடைத்து, புகை வரும்வரை காயவிட்டு, ஆறவிட்டு, மறுபடி தடவிக் காயவிட்டேன். சீக்கிரம் பழகட்டும் என்று எண்ணெயைத் தாராளமாக விடத்தான் கை போகும். அப்படி விட்டால் படலம் இறுகாமல் பிசுக்காகத் தங்கும். தூசியும் ஒட்டும், மக்கல் வாடையும் வரும். துடைத்ததுபோக மிஞ்சுகிற எண்ணெய்தான் கல்லுக்கு வேண்டியது. முதலில் வெங்காயம் வதக்கினேன், அடுத்து நிறைய எண்ணெய் விட்டு ஊத்தப்பம். மெல்லிய தோசைக்குக் கல் தயாராக வெகுநாள் ஆயிற்று. அவசரப்படவில்லை.

சோப்பே போடக் கூடாது என்று பலர் சொல்வார்கள். காரம் மிகுந்த பழைய சோப்புகளுக்கு அது பொருந்தும். இன்றைய பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளி விட்டுச் சட்டென்று கழுவினால் இறுகிய படலம் போகாது. படலத்தைக் கெடுப்பவை வேறு: கம்பி நார், வெகுநேர ஊறல், புளியும் தக்காளியும் சேர்ந்த குழம்பைச் சட்டியிலேயே வைத்திருப்பது, வெறும் கல்லைப் பெருந்தீயில் காயவிடுவது. கல்லை உடைப்பவை இரண்டு: கீழே போடுவது, சூட்டில் குளிர்ந்த தண்ணீர் விடுவது. அடுப்பில் வைத்ததும் சிறுதீயில் தொடங்க வேண்டும். இரும்பு அலுமினியத்தைப் போல வேகமாகச் சூட்டைப் பரப்பாது. நடுவில் மட்டும் சூடேறி விளிம்பு குளிர்ந்து நின்றாலும் கல்லுக்கு ஆபத்துதான். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் எடுக்காமல் வைப்பதாக இருந்தால் எண்ணெய் தடவித் தாளில் சுற்றி வைக்க வேண்டும். துருப்பிடித்துவிட்டாலும் தூக்கிப் போட வேண்டியதில்லை. துருவை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்து பழக்கினால் கல் திரும்பிவிடும். விரிசல் விட்ட கல் மட்டும் திரும்பாது. சாதாரண வெல்டிங் அதில் நிற்பதும் கடினம். எங்கள் பழைய கல் இரும்புக் கடைக்குப் போய்விட்டது.

இதைப் படித்துவிட்டு, இவ்வளவு பாடு எதற்கு, ஒட்டாத பூச்சுள்ள கல் போதுமே என்று யாராவது முடிவெடுத்தால் அதுவும் என்னால் வந்த கேடாகும். அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். கீறல் விழுந்துவிட்டால் வீட்டில் திரும்பப் பூச முடியாது. இரும்பின் பூச்சை நம் அடுப்பிலேயே நாம் போட்டுக்கொள்கிறோம். இரும்புப் பாத்திரத்தில் சமைத்தால் உணவில் இரும்புச்சத்து கூடும் என்பதும் சோதித்து அறிந்த உண்மை. எத்தியோப்பியாவில் இரும்புப் பாத்திரத்தில் சமைத்ததை உண்ட குழந்தைகளுக்கு, அலுமினியப் பாத்திரத்தில் சமைத்ததை உண்ட குழந்தைகளை விட ரத்தசோகை குறைவாக இருந்ததை 1999இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஆய்வு காட்டியது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. கல் ஒன்றே மருந்தாகிவிடாது. தலசீமியா போன்ற நோயால் உடலில் இரும்பு தேங்குகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். மற்ற வீடுகளில் ஒரு கல்லும் ஒரு சட்டியும் இரும்பாக இருப்பது நல்லது. பாடு என்று நான் நினைத்ததெல்லாம் சமையல் முடிந்தபின் சில நிமிட வேலைதான். அந்த நிமிடங்களைத் தர மறுத்ததுதான் என் குறை. கல்லில் ஒரு குறையும் இல்லை.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இரண்டு. இரும்பில் சமைப்பவர், ஆணோ பெண்ணோ, அதை ஆறவிட்டுத் துடைத்து, உலர்த்தி, எண்ணெய் தடவி வைப்பதுவரை தன் சமையலாகக் கொள்ள வேண்டும். அதை வேலைக்கு வருபவர் கைக்கு விடாதீர்கள். விட்டால், எப்படிச் செய்வதென்று பக்கத்தில் நின்று ஒருமுறை செய்து காட்டுங்கள். இரண்டாவது, வீட்டில் ஒரு பொருள் உடைந்தால் வேலைக்கு வருபவரிடம் கேட்பதற்கு முன் வீட்டிலிருக்கும் ஒவ்வொருவரும் தான் செய்ததைச் சொல்லிவிடுங்கள். அவர் "நான் உடைக்கவில்லை" என்றால் நம்புங்கள்.